அந்தப் படம் எங்கே போகின்றது?

சில வருடங்களுக்கு முன்னர், மாரி காலத்தில் ஒருநாள், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் தங்கியிருந்த குடியிருப்பொன்றில் விதைநெல் பகிர்வு பற்றிய கூட்டத்தை முடித்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானோம். அப்போது ஒரு தாய் எம்மை மறித்துக் கேட்டார்: “சுவாமி, போன கிழமை வாகனத்தில வந்த ஆக்கள் எங்கட பிள்ளையளப் படமெடுத்துக்கொண்டு போனவை. செருப்பைக் கழட்டிப்போட்டு வெள்ளத்துக்கை நிக்கச் சொன்னவை. பேர் ஒண்டும் கேக்கேல்லை. அந்தப் படம் எங்கை போகும்? ஆர் பாப்பினம்?”

எம்மிடம் பதில் இருக்கவில்லை. நாமும் கமராவோடு திரிகின்றவர்கள்தான். அறிக்கைக்கு இரண்டு படம், உதவி தருவோருக்கு இரண்டு படம் என்று எடுத்து அனுப்பியவர்கள்தான். அன்றிரவு எமது அலுவலக அலுமாரியைத் திறந்து, அங்கே கிடந்த படங்களில் எத்தனை பேருடைய பெயர் எமக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தோம். பாதிப்பேருடைய பெயர்கூடத் தெரியவில்லை.

அந்தத் தாயின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே, நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஆபிரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் கதையை இங்கே சொல்ல விரும்புகின்றோம். மனித உரிமைக்கான போராட்டமொன்றில் புகைப்படம் பெருமளவில் ஆயுதமாக எடுக்கப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. அந்தப் படத்தில் இருப்பவரும் எமது வாசகர்களைப் போல ஒரு கிராமத்து மனிதர். அவர் பெயர் இன்சாலா.

றப்பர் வந்த வழி

மத்திய ஆபிரிக்காவில் கொங்கோ ஆற்றைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பு 1885ஆம் ஆண்டு பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. பெல்ஜிய நாட்டுக்கு அதில் பங்கில்லை. மன்னனின் சொந்தச் சொத்துப் போல ஐரோப்பிய வல்லரசுகள் அதை அங்கீகரித்தன. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கு மேற்பட்ட பரப்பு அது. அவன் அங்கே ஒருநாளும் காலடி வைத்ததில்லை. அதே ஆண்டில் ‘ஆளற்ற காணிகள்’ யாவும் அரசுக்கே உரியவை என்று கட்டளை பிறந்தது. மண் ஆறட்டும் என்று தரிசாக விட்ட தோட்டமும், வேட்டையாடிய காடும், பாட்டன் பூட்டன் காலம் தொட்டுத் தேன் எடுத்த மரமும் ஆளற்றவையாகிவிட்டன. எமது நாட்டில் 1840ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

1888இல் காற்றடைத்த ரயர் சந்தைக்கு வரும் வழி திறந்தது. சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார் வாகனத்துக்கும் றப்பர் தேவைப்பட்டது. கொங்கோக் காட்டில் றப்பர் ஒரு கொடியில் விளைந்தது. மன்னனுக்கோ அவசரம். 1876ஆம் ஆண்டிலேயே எமது நாட்டின் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் றப்பர்க் கன்றுகள் நாட்டப்பட்டிருந்தன. ஆசியாவில் தோட்டங்கள் பெருகி விலை விழுவதற்கு முன்னர் காட்டுக் கொடியிலிருந்து கறக்கக்கூடியதைக் கறந்துவிட வேண்டும் என்பது அவனுடைய கணக்கு.

கறந்த விதம் இதுதான். றப்பர்க் கம்பனிகளுக்குப் பெரும் பிரதேசங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘ஆபிர்’ எனப்பட்ட கம்பனி. அதன் பிரதேசத்தில் வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் பதினைந்து நாட்களுக்கொரு தடவை மூன்று, நான்கு கிலோ உலர்ந்த றப்பர் கொண்டுவர வேண்டும். அருகிலிருந்த கொடிகள் வற்றியதும் நாட்கணக்கில் காட்டுக்குள் நடக்க வேண்டியிருந்தது. ஆண்கள் திரும்பி வரும்வரை பெண்கள் பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டார்கள். உழைக்கும் கைகள் இரண்டும் இல்லாதபோது பயிரை யார் பார்ப்பது? மரவள்ளி நடப்படவில்லை. வாழைத்தோட்டம் காடாகிப் போனது. கிராமங்கள் பசியில் ஒடுங்கின; குடும்பங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தன. இடம்பெயர்வு என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கூறிய அளவு றப்பர் வராத கிராமத்துக்குத் துவக்கோடு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். தோட்டாக்கள் வீணாகக் கூடாது, வேட்டைக்குச் செலவாகக் கூடாது என்பதற்காக, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்காக வெட்டிய வலது கை ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமென்ற வழக்கம் உண்டாயிற்று. கணக்குச் சரிவர உயிரோடிருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன. இதை எழுதவே கை கூசுகின்றது. ஆனால் இது எங்கோ காட்டுக்குள் தறிகெட்டுப்போன சிலரின் வெறி என்று நினைத்துவிடக் கூடாது. பொருட்கணக்கு எழுதுவதுபோலக் கணக்கெழுதி நடத்தப்பட்ட நிர்வாகம் அது.

ஒரு திண்ணையில்

ஆபிர் கம்பனியின் பிரதேசத்தில் பரிங்கா என்ற இடத்தில் பிரித்தானியப் புரட்டஸ்தாந்து மிஷன் நிலையமொன்று இருந்தது. ஜோன் ஹரிஸ், அலிஸ் சீலி ஹரிஸ் என்ற இளந்தம்பதியினர் அங்கே பணியாற்றினார்கள். அலிஸிடம் ஒரு கமரா இருந்தது.

1904ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி வாலா என்ற கிராமத்திலிருந்து இன்சாலா அந்நிலையத்துக்கு வந்தார். கையில் இலைப்பொதி ஒன்று இருந்தது. றப்பர் குறைந்துபோனதற்காகக் கம்பனியின் காவலாட்கள் கிராமத்துக்குள் புகுந்து அவருடைய மனைவியையும், போவாலி என்ற சிறு மகளையும் கொன்றுவிட்டார்கள். மகளில் எஞ்சியவை ஒரு சின்னக் கையும் ஒரு காலடியும். அவற்றைத்தான் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

அலிஸ் அவரைத் திண்ணையில் இருத்திப் படமெடுத்தார். அப்படத்தை நாம் பல தடவை பார்த்திருக்கின்றோம். இன்சாலா பக்கவாட்டில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு முன்னால் தரையில் அந்தக் கையும் காலடியும். அவர் கமராவைப் பார்க்கவில்லை, அழவுமில்லை. தரையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றார். பின்னால் வேறு மனிதர்கள் நிற்கின்றார்கள். படத்தை முதலிற் பார்ப்பவர் தரையில் கிடப்பது என்னவென்று உடனே விளங்கிக்கொள்ளமாட்டார். அவருடைய பார்வையைத் தொடர்ந்து போய்த்தான் கண்டுகொள்வார்.

வெள்ளைத் துணியில் விழுந்த ஒளி

பிரித்தானியாவில் அந்த 1904ஆம் ஆண்டிலேயே கொங்கோச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் உயிர்நாடி எட்மண்ட் மொரெல். கப்பற் கம்பனியொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். கொங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் றப்பரும் யானைத்தந்தமும் நிறைந்திருப்பதையும், திரும்பிப் போகும் கப்பல்களில் துவக்கும் தோட்டாவுமே பெரும்பாலும் ஏறுவதையும் கணக்குப் புத்தகத்திலிருந்தே கண்டு, அங்கே வியாபாரம் நடக்கவில்லை, கொள்ளைதான் நடக்கின்றது என்று தெளிந்தவர். பிரித்தானியத் தூதுவர் ரொஜர் கேஸ்மன்ட் 1903இல் நேரிற் சென்று விசாரித்து எழுதிய அறிக்கையும் வெளிவந்திருந்தது.

கணக்கும் அறிக்கையும் படித்தவர்களை அசைத்தன. பொதுமக்களை அசைத்தது படம். அக்காலத்தில் ‘மாயவிளக்கு’ என்றொரு கருவி இருந்தது. மண்டபத்தை இருட்டாக்கி, பெட்டிக்குள் விளக்கேற்றி, கண்ணாடித் தகட்டிலிருக்கும் படத்தை எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் பெரிதாக விழுத்துவார்கள். ஹரிஸ் தம்பதியினர் நாடு திரும்பி, ஊர் ஊராக, கோவில் மண்டபம் மண்டபமாக இந்தப் படங்களைக் காட்டிப் பேசினார்கள். 1906ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவுக்குப் போய் 49 நகரங்களில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்களை நடத்தினார்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1905இல் எழுதிய ஒரு சிறு நூலில், தன்னால் விலைக்கு வாங்க முடியாமற் போன ஒரே சாட்சி கொடாக் கமராதான் என்று லியோபோல்டே புலம்புவதாகக் கிண்டல் செய்திருக்கின்றார்.

கிண்டல் நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் கமராவை வாங்க முடியாது என்பது முழு உண்மையல்ல என்றே நாம் நினைக்கின்றோம். மன்னனும் படம் காட்டத் தெரிந்தவன்தான். 1897ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகருக்கு அருகே டெர்வூரன் பூங்காவில் ஒரு கண்காட்சி வைத்தான். கொங்கோவிலிருந்து 267 பேரைக் கப்பலில் கொண்டுவந்து, போலிக் கிராமங்களில் குடியிருத்தி, வேடிக்கை பார்க்கவந்த கூட்டத்துக்குக் காட்டினான். அவர்களில் ஏழு பேர் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். கொங்கோ என்றால் அமைதியான குடிசையும் கைத்தொழிலும் என்று நம்பி மக்கள் வீடு திரும்பினார்கள். பின்னர் அவனுக்கென்றே செய்திப் பணியகம் ஒன்றும் இயங்கியது.

எதிர்த்தரப்பின் படங்களையும் அவன் ஆட்கள் சும்மா விடவில்லை. கேஸ்மன்டின் அறிக்கையில் எப்போண்டோ என்றொரு சிறுவனின் கதை வருகின்றது. காவலாள் தன் கையை வெட்டினான் என்று அவன் சொல்லியிருந்தான். கொங்கோ அரசு அவனிடம் மறுவாக்குமூலம் பெற்று, கையைக் கடித்தது காட்டுப்பன்றி என்று அறிவித்தது. ஒரு சிறுவனின் சாட்சியை உடைத்துவிட்டால் மற்றெல்லாமே பொய் என்று சொல்லிவிடலாம் அல்லவா? காட்டுப்பன்றி பயிரை அழித்த கதை எம் விவசாயிகளுக்குத் தெரியும். அரசாங்கத்துக்குச் சாட்சியாக வந்த காட்டுப்பன்றி இது ஒன்றுதான்.

எம்மவரின் மௌனம்

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். அந்நாட்களில் கொங்கோவில் கத்தோலிக்க மறைபரப்பாளரும் நிறைய இருந்தார்கள். பெரும்பாலும் பெல்ஜிய நாட்டவர். அவர்களில் மிகப் பலர் வாய் திறக்கவில்லை. மன்னன் கத்தோலிக்கன், குற்றஞ்சாட்டுவோர் புரட்டஸ்தாந்தர், ஆகவே இது எமது மறைப்பணிக்கு எதிரான சூழ்ச்சி என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். பேசினால் காணியும் சலுகையும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. 1906இல் ஆர்தர் வெர்மீர்ஷ் என்ற யேசு சபைக் குருவானவர் மன்னனின் ஆட்சிமுறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அவரைப் போன்றோர் சிலர். குருமடத்தில் மறைபரப்பு வரலாறு படித்த காலத்தில் இவையொன்றும் எமது காதில் விழவில்லை. பின்னரே தேடிப் படித்தோம்.

படத்தில் இல்லாதவை

அப்படங்கள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமல்ல. ஆனால் அத்தாயின் கேள்வியோடு அவற்றை மறுபடி பார்த்தபோது வேறு சிலவும் கண்ணிற் பட்டன. கையிழந்த சிறுவர்களின் படங்களில், வெட்டுண்ட கை தெளிவாகத் தெரியும்படி அவர்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்தப்பட்டிருக்கின்றது. காயம் முன்னுக்கு வர, ஆள் பின்னுக்குப் போகின்றார். அந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது, என்ன விளையாடியது, கை போனபின் எப்படி மண்வெட்டி பிடித்தது என்பவை மண்டபத்தில் இருந்தோர் கேட்காத கேள்விகள். கூட்டத்தில் பேசியவர் வெள்ளையர். துணியில் தெரிந்தவர் பேசாத கறுப்பர். இரக்கம் பிறந்தது உண்மை. அந்த இரக்கத்துக்குள் ஒரு மேட்டிமையும் ஒளிந்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. இன்சாலாவின் படம் இன்று கைத்தொலைபேசி வழியாக உலகெங்கும் சுற்றுகின்றது. ஆனால் பல இடங்களில் அதன் கீழே எழுதப்பட்டிருப்பது பிழை. றப்பர் குறைந்ததற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கையை வெட்டினார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றார்கள். பிள்ளை கொல்லப்பட்டாள் என்பதில்லை, தாயும் கொல்லப்பட்டாள் என்பதில்லை, சில வேளைகளில் ஊர்ப்பெயருமில்லை. அலிஸ் தாம் எடுத்த படங்களோடு பெயரும் ஊரும் குறித்துவைத்தமையாற்றான் இவற்றைப் பிழை என்று எவரும் சொல்ல முடிகின்றது.

நூற்றிப்பத்துச் சுள்ளிகள்

இனி, கமரா இல்லாத ஒருவரின் கதை. அலிஸின் படத்தைவிட எம்மை அசைத்தது இதுதான்.

கண்டனம் வலுத்தபோது லியோபோல்ட் 1904இல் ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தான். ஒரு பெல்ஜியர், ஒரு சுவிஸ் நாட்டவர், ஓர் இத்தாலியர் என மூவர். வெள்ளை பூசி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணியிருப்பான் போலும். ஆனால் அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கிராமத்தவர்கள் வந்து வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் லொந்துலு என்ற தலைவர் ஒரு கட்டுச் சுள்ளிகளோடு வந்தார். மொத்தம் 110 சுள்ளிகள். ஒவ்வொன்றும் றப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒருவர். மேசையில் அவற்றை நான்கு குவியல்களாகப் பிரித்தார்: குலப் பெரியோர், ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். பின்னர் ஒவ்வொரு சுள்ளியாக எடுத்து ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடமும் இவ்வளவு ஒழுங்கான பதிவை நாம் அதிகம் கண்டதில்லை. எத்தனை பேர், யார் யார், எந்த வகையினர் என்பதெல்லாம் அந்த மேசையில் கண்ணுக்குத் தெரிந்தன. அதுவும் ஒரு படம்தான். அதை ஆக்கியவர் இழந்தவரே, வெளியிலிருந்து வந்தவரல்லர்.

ஆணைக்குழு 1905இல் அறிக்கை வெளியிட்டது. கொடுமைகள் உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் கிராமத்தவர்களின் வாக்குமூலங்களை வெளியிடவில்லை. அவை பிரசல்ஸில் ஆவணக் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டன. 1980களில்தான் ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்க முடிந்தது. திண்ணைப் படம் ஓரிரு வருடங்களில் கடல் கடந்து போனது. மேசைமேல் வைத்த பெயர்கள் வெளியே வர ஏறத்தாழ எண்பது வருடங்கள் எடுத்தன.

1908ஆம் ஆண்டு கொங்கோ மன்னனின் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. ஒப்படைப்பதற்கு முன்னர் தன் கொங்கோ நிர்வாகத்தின் பத்திரங்களை லியோபோல்ட் அடுப்பிலிட்டான். எட்டு நாட்கள் எரிந்ததாகச் சொல்லப்படுகின்றது. கட்டாய வேலை அதன்பின்னரும் உடனே ஒழியவில்லை. ஆசியத் தோட்டங்களின் றப்பர் சந்தையை நிரப்பியபின்னரே காட்டுக்கொடியின் கதை முடிந்தது. எமது நாட்டுத் தோட்டங்களும் அதில் அடங்கும். அங்கே பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் துயரம் வேறொரு நாள் எழுத வேண்டியது. 2020ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, கொங்கோ சுதந்திரம் பெற்ற அறுபதாவது ஆண்டு நிறைவன்று, பெல்ஜிய மன்னர் பிலிப் அந்நாட்டுச் சனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் கடந்தகாலக் காயங்களுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எழுதவில்லை.

படத்தோடு என்ன எழுதப்பட்டிருக்கின்றது?

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். சிரியாவில் இராணுவப் படப்பிடிப்பாளர் ஒருவர் 2013இல், தடுப்புக்காவலில் இறந்தவர்களின் ஆயிரக்கணக்கான படங்களை இரகசியமாக நாட்டுக்கு வெளியே அனுப்பினார். ஒவ்வோர் உடலிலும் ஓர் இலக்கம். பெயரில்லை. அப்படங்களைப் பார்த்துத்தான் பல தாய்மார் தம் பிள்ளைகளை அடையாளம் கண்டார்கள். ஜேர்மனியின் கொப்லென்ஸ் நகர நீதிமன்றம் அப்படங்களையும் சான்றாக எடுத்து, 2022 ஜனவரியில் சிரியப் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கு ஆயுட்சிறை விதித்தது. எப்போது, எங்கே, யாரால் எடுக்கப்பட்டது, பின்னர் யார் யார் கைமாறியது என்பதைக் காட்ட முடிந்தால் ஒரு படம் நீதிமன்றத்தில் பேசும். காட்ட முடியாவிட்டால் எவரும் ஒரு காட்டுப்பன்றியைக் கொண்டுவந்து நிறுத்தலாம்.

ஆகவே படமெடுக்க வருவோரிடம் கேளுங்கள்: நீங்கள் யார், படம் எதற்கு, எங்கே அச்சாகும், எமக்கு ஒரு பிரதி வருமா? கேட்பது மரியாதைக்குறைவல்ல. படம் வேண்டாம் என்று சொல்லவும் உரிமையுண்டு. அப்படிச் சொன்னதற்காக எவருக்கும் நிவாரணப் பொருளைக் குறைப்பது தவறு. பெயரைச் சொல்வதா விடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பெயர் வெளியே போவதால் ஆபத்து வரக்கூடிய காலமும் உண்டு என்பதை எமது மக்கள் எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளை நடிக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். உள்ள துன்பமே போதும்.

உங்களிடமுள்ள பழைய படங்களையும் பாருங்கள். கலியாணப் படத்தின் பின்னணியில் தெரியும் கிணற்றுக்கட்டும், எல்லை வேலியும், மாமரமும் ஒருநாள் காணி உறுதிக்குத் துணையாகலாம். மங்கிப் போகுமுன் அதன் பின்புறத்தில் ஊரும், ஆண்டும், நிற்பவர்களின் பெயரும் எழுதிவையுங்கள். தொலைபேசியில் எடுத்தவையாயின் முதற்படத்தை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை வேறொருவரிடமும் கொடுத்துவையுங்கள். படமே இல்லாதவர்கள், வயதானோர் இருக்கும்போதே, எந்த வளவில் யார் இருந்தார்கள் என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதலாம்.

எமது அலுவலக அலுமாரியில் இருந்த படங்களை எடுத்துக்கொண்டு நாம் குடியிருப்புகளுக்குத் திரும்பிப் போனோம். பெயர் சொல்ல ஆட்கள் கூடினார்கள். ஒரு படத்தில் இருந்த முதியவரை எவருக்கும் தெரியவில்லை. அவரது படம் இன்னமும் எமது மேசையிலேயே இருக்கின்றது.

அந்தத் தாயையும் பிறகு சந்தித்தோம். அடுத்த முறை கமராவோடு வந்தவர்களை மறித்து, தன் பிள்ளைகளின் பெயரையும் விட்டுவந்த ஊரின் பெயரையும் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நின்றாராம். பிள்ளைகள் செருப்போடுதான் நின்றார்களாம். எழுதிக்கொண்டு போனார்கள், படம் அனுப்புவோம் என்றும் சொன்னார்கள். இன்னும் வந்து சேரவில்லை என்றார்.